அஞ்சலையின் பிஸ்கோத்தும் மூன்று கரண்டிச் செம்மண்ணும்

காலை ஆறு மணி இருபது நிமிடம். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. ரப்பர்ப் பாலுக்குப் பால்மரப் பட்டை வெட்டுகிறவர்கள் வாளியும் உளியுமாகத் தங்கள் மர நிரைகளுக்குப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் பெரட்டுப் புத்தகத்தை மூடி நிமிர்ந்தபோது, செமோர் போகும் சாலைக்காக வெட்டிய மேட்டுச் சரிவில் ஒரு பெண் குந்தியிருப்பது தெரிந்தது. கையில் கரண்டி. மேலாக இருந்த மண்ணை ஒதுக்கிவிட்டு, உள்ளே நல்ல சிவப்பாக இருந்ததைச் சுரண்டி ஒரு வெள்ளைத் துணியில் போட்டாள். மூன்று கரண்டி. துணியை முடிந்து மடியில் செருகினாள். எழுந்து திரும்பியவள் என்னைப் பார்த்தாள். பார்க்காதவளைப் போல நிரைக்குள் இறங்கிப் போனாள்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். நம் பக்கத்தில் ஒரு பெண் மண் எடுத்தால் அடுப்பு மெழுக என்பார்கள், முளைப்பாரி போட என்பார்கள், வயிற்றுப்பிள்ளைக்காரியானால் வாயில் போட என்பார்கள். யாரும் நின்று பார்ப்பதில்லை. இங்கே பேராக் மலைக்காட்டில் மண்ணும் மரமும் கம்பெனியைச் சேர்ந்தவை. எழுந்திருக்க ஒரு மணி அடிக்கிறது, வரிசையில் நிற்க ஒரு மணி அடிக்கிறது. எந்த மணிக்கும் சேராத ஒரு காரியத்தை ஒருவர் செய்தால், பார்த்தவர் மனசில் அது முள்ளாக நிற்கும். எனக்கும் நின்றது. ஆறு வருஷம் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் புரூப் பார்த்தும், போலீஸ் கோர்ட்டுச் செய்தி எழுதியும் காலம் தள்ளியவன் நான். அச்சுக்கூடம் மூடிய பிறகுதான் கப்பலேறி இந்தத் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக வந்தேன். அப்படிப்பட்டவனுக்கும் முதலில் தோன்றியது, அது யாருடைய காலடி மண் என்பதுதான். ஒருவன் நடந்துபோன தடத்து மண்ணை எடுத்து அவனுக்குச் செய்வினை வைப்பதைப் பற்றி எங்கள் செங்கற்பட்டுப் பக்கத்தில் கேட்டு வளர்ந்தவன். அந்தச் சரிவில் யாரும் நடக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

கங்காணி பழனியாண்டி பக்கத்தில் நின்றார். தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரை ஊரிலிருந்து கூட்டிவந்தவர் அவர். "யார் அந்தப் பொம்பளை?" என்று கேட்டேன். செய்தி கேட்கிற பழக்கம். வேறு நோக்கம் இல்லை.

"நேட்டால்காரி, கிராணியாரே. காத்தான் பொண்டாட்டி அஞ்சலை. என்னா பண்ணுனா?"

"மண் எடுத்துக்கிட்டுப் போகுது."

வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "என்னா கலரு மண்ணு?"

"சிவப்பு."

"அப்பிடியா சேதி. சரி லா," என்று சொல்லிவிட்டுப் போனார். எதைச் சரி என்றார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அதுவரை அஞ்சலை எனக்குப் பெரட்டுப் புத்தகத்தில் ஒரு வரி. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவள். தாய் தகப்பன் ஒப்பந்தத்தில் போனவர்கள். அங்கே ஒரு டச்சுக்காரப் பண்ணை வீட்டுக் குசினியில் சமையல் வேலை செய்தாள், அங்கேயே காத்தானைக் கட்டினாள். இந்தியர்கள் திரும்பிப் போனால் நல்லது என்று அந்தச் சர்க்கார் நினைத்துக் கப்பல் ஏற்பாடு செய்தபோது இருவரும் ஏறினார்கள். காத்தானின் தகப்பனார் ஊர் வட ஆற்காட்டில் ஒரு கிராமம். அங்கே ஒரு வருஷம்கூடத் தரிக்கவில்லை. ஆள் பிடிக்க வந்த பழனியாண்டியோடு மறுபடி கப்பல். இப்போது எங்கள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பதினான்காம் நம்பர் அறை. பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நாற்பது வயதிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பிஸ்கோத்து சுடுவாள். லயத்தில் அதற்குப் பெயர் நேட்டால் பிஸ்கோத்து. உள்ளங்கை அளவு வட்டம், பழுப்பு நிறம், மேலே சர்க்கரை தூவியிருக்கும். கடித்தால் கிராம்பும் பட்டையும் சுக்கும் சாதிக்காயும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பழுப்புக்கு நடுவே சிவப்புக் கோடுகள் ஓடும், பளிங்குக் கல்லில் ஓடுகிற மாதிரி. தீபாவளிக்கு எனக்கும் நான்கு வந்தன. தின்றேன். அந்தச் சிவப்பு என்னவென்று அன்று கேட்கத் தோன்றவில்லை.

மாவுப் பண்டத்தைப் பற்றிய சந்தேகம் நமக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் ரொட்டி நுழைந்ததே கிடையாது. கள் ஊற்றிப் பொங்க வைக்கிறான், காலால் மிதித்துப் பிசைகிறான் என்று என் தகப்பனார் சொல்வார். ரொட்டிக் கிடங்குக்குள் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்துவிட்டுக் குளிக்க வேறு வேண்டுமா என்பார். கடல் கடந்தால் இதெல்லாம் கழன்றுவிடும் என்று நினைத்திருந்தேன். கழன்றது பூணூலும் குடுமியும்தான்.

பழனியாண்டிக்கு மாரிமுத்து என்று ஒரு தம்பி. இருபத்துநாலு வயது, நல்ல வெட்டுக்காரன். நாமக்கல்லில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார் அண்ணன். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். காரணம் சொல்லவில்லை. ஞாயிறு ஆனால் பதினான்காம் நம்பர் அறை வாசலில் உட்கார்ந்து காத்தானோடு பேசிக்கொண்டு பிஸ்கோத்து தின்பான். இவ்வளவு நாளாக அண்ணனுக்கு அது தீனிப்பழக்கமாகத்தான் பட்டது. சிவப்பு மண் என்று நான் சொன்ன அன்று எல்லாம் ஒன்றாகக் கோத்துக்கொண்டது. பிள்ளையில்லாதவள் தன் தம்பியைத் தன் வீட்டுப் பிள்ளையாக மடக்கிக்கொள்ள மருந்து வைத்துவிட்டாள் என்று முடிவு செய்தார்.

மருந்து வைப்பது என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டாம். சோற்றிலோ பலகாரத்திலோ எதையாவது கலந்து கொடுப்பது. தின்றவன் கொடுத்தவள் காலைச் சுற்றுவான். மருந்து வயிற்றில் கட்டியாக உட்கார்ந்திருக்கும். அதை எடுக்கத் தெரிந்தவர்கள் உண்டு. சித்தியவானிலிருந்து அப்படி ஒருவரை வரவழைத்தார் பழனியாண்டி.

அது ஒரு ஞாயிறு, பகல் மூன்று மணி. கங்காணி வீட்டு வாசலில் லயமே கூடியிருந்தது. மாரிமுத்துவைப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள்.

"அண்ணே, எனக்கு வயித்துல பசியத் தவிர ஒண்ணும் இல்லண்ணே," என்றான் அவன்.

"மருந்து தின்னவன் அப்பிடித்தான்டா பேசுவான். படு."

"அப்ப தின்னாதவன் எப்பிடிப் பேசுவான்?"

கூட்டம் சிரித்தது. அஞ்சலையும் காத்தானும் சற்றுத் தள்ளி நின்றார்கள். அவர்களை வரச் சொல்லியிருந்தார்கள். சித்தியவானிலிருந்து வந்தவர் முதலில் ஒரு பிஸ்கோத்து கேட்டார். அஞ்சலையே கொண்டுவந்து கொடுத்தாள். மோந்து பார்த்தார், இரண்டாக உடைத்தார், ஒரு பாதியைக் கோழிக்குப் போட்டார். கோழி தின்றது. மற்றப் பாதி எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லாரையும் போல நானும் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மாரிமுத்துவின் தொப்புளில் ஒரு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சினார். மூன்றாம் தடவை தலையைத் தூக்கி, வாயிலிருந்து ஒரு கட்டியை வாழையிலையில் துப்பினார். சுண்டைக்காய் அளவு. ஈரமாக இருந்தது. சிவப்பாக இருந்தது.

"பாத்துக்கங்க லா," என்றார் பழனியாண்டி, என்னைப் பார்த்து.

மறுநாள் அவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போனார். இவளை லயத்தில் வைத்திருந்தால் ஆட்கள் நிற்கமாட்டார்கள் என்று சொன்னார். துரைக்கு அது எதுவும் விளங்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண் அந்தப் பண்டத்தில் என்ன போடுகிறாள் என்று பார்த்து எழுதிக் கொடு என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நாலு வருஷமாகப் பெயரும் நம்பரும் தவிர வேறு எதுவும் எழுதாதவன்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பதினான்காம் நம்பர் அறைக்குப் பின்னால் ஒரு பலகையில் உட்கார்ந்தேன். அவளுடைய இரண்டு கையும் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். அவள் அதைக் கவனித்தாள்.

"நல்லாப் பாருங்க, கிராணியாரே. நீங்க எழுதுறதுதானே நிக்கும்?"

"உள்ளதை எழுதுவேன், அஞ்சலை."

"அது போதும். அந்த ஊருல வேண்டாம்னு கப்பல் ஏத்தி அனுப்புனாங்க. இவங்க ஊருக்குப் போயி மாமியா வூட்டுல ஒரு தட்டு இதே பிஸ்கோத்து குடுத்தேன். எதையெதையோ தின்னு வந்தவ கையால தொட்டதுன்னு மாட்டுத் தொட்டியில கொட்டுனாங்க. மாடு மட்டும் நல்லாத் தின்னுச்சு. இது மூணாவது ஊரு. இங்கயும் பேரை வெட்டுனா எங்க போவ?"

குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன்.

கோதுமை மாவு இரண்டு மங்கு. சோள மாவு ஒரு கைப்பிடி. இது டச்சுக்கார வீட்டில் கிடையாதாம், அந்தக் குசினியில் கூட வேலை செய்த ஜூலு இனத்துப் பெண் சேர்க்கச் சொன்னதாம், அப்போதுதான் நொறுங்குமாம். நாட்டுச் சர்க்கரை. நெய் போதாததற்குத் தேங்காயெண்ணெய். நேட்டாலில் ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் போடுவார்கள். இங்கே பம்பளிமாஸ் தோல். சோடா உப்பு ஒரு சிட்டிகை. பட்டை, கிராம்பு, சுக்கு மூன்றும் அம்மியில் பொடித்தவை. நான் ஒவ்வொரு டப்பாவையும் வாங்கி மோந்து பார்த்தேன். ஐந்தாவது டப்பாவை அவள் தன் பக்கமாகவே வைத்திருந்தாள். அதைக் கேட்டேன். கொடுத்தாள். சாதிக்காய்.

கடைசியில் அந்த வெள்ளைத் துணி வந்தது. மண்ணை இரும்புச் சட்டியில் நன்றாகச் சூடேற வறுத்தாள். ஆறவிட்டு, மெல்லிய துணியில் மூன்று முறை சலித்தாள். மிஞ்சியது குங்குமம் போன்ற தூள்.

"அங்க இத கடையிலயே பொட்டணமா விப்பாங்க. ஆனா அந்த ஜூலுப் பொம்பளை ஆத்தங்கரையில தோண்டியாந்து குடுப்பா. அவங்க ஆளுங்க தலைக்கும் ஒடம்புக்கும் பூசுற மண்ணு. ஒரு கட்டி கையோட கொண்டாந்தேன், போன மாசம் தீந்துபோச்சு. இந்த ஊரு மண்ணும் அதே கலருதான். ருசிதான் கொஞ்சம் ஆணியை நக்குன மாதிரி."

மண்ணை நக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பிசைந்த மாவில் கால் பங்கை எடுத்து அதில் செம்மண் தூளைச் சேர்த்தாள். சிவப்பு மாவைக் கிள்ளிக் கிள்ளி மற்ற மாவின்மேல் வைத்து ஒன்றாக உருட்டித் தேய்த்தாள். பால் டின்னின் வாயால் வட்டம் வட்டமாக வெட்டினாள். அடுப்பு, பக்கவாட்டில் சாய்த்த மண்ணெண்ணெய்த் தகரம். கீழே கரி, மேலே கொட்டாங்கச்சித் தணல். வெந்து வந்தபோது தட்டை என்னிடம் நீட்டினாள். நான் காத்தானைப் பார்த்தேன்.

"மொதல்ல அவரே தின்னட்டும். நீங்க பயப்படுறீங்க," என்று சிரித்தாள். காத்தான் ஒன்றைக் கடித்தான். பிறகு நான் தின்றேன். நன்றாக இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

கோர்ட்டுச் செய்தி எழுதுகிற முறையில் அறிக்கை எழுதினேன். முதல் தாளில் கண்டது. இரண்டாம் தாளில் அதிலிருந்து தெரிவது. முதல் தாளில் ஒவ்வொரு சாமானும் அளவோடு இருந்தது. செம்மண், மூன்று கரண்டி, தோட்டத்துச் சாலைச் சரிவிலிருந்து எடுத்தது. மாரிமுத்துவின் வயிற்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் கட்டியின் அளவும் நிறமும் இருந்தன. மண் வறுக்கப்பட்டு, சலிக்கப்பட்டு, மறுபடி மாவோடு சுடப்படுகிறது, யாருக்கும் தீங்கில்லை, மருந்து என்பது ஆதாரமில்லாத பேச்சு என்பதெல்லாம் இரண்டாம் தாளில்.

துரை முதல் தாளைப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"மண்ணா?"

"ஆமாம், ஸார்."

"இந்தத் தோட்டத்து மண்?"

"ஆமாம், ஸார்."

"ஆட்கள் இதைத் தின்கிறார்களா?"

"விரும்பித் தின்கிறார்கள், ஸார்," என்றேன். அவளுக்குச் சாதகமான பதில் என்று நினைத்துச் சொன்னேன்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்துப் போட்டார். கொக்கிப் புழுவைப் பற்றியது. தமிழ் ஆட்களிடம் மண் தின்னும் பழக்கம் இருக்கிறது, அதனால் புழு வந்து ரத்தம் கெட்டு வேலைக்கு உதவாமல் போகிறார்கள், மண் தின்பவர்களைக் கண்டால் விலக்க வேண்டும் என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார். அந்த மாதம் ஈப்போவிலிருந்து சுகாதார அதிகாரி பார்வைக்கு வருவதாக இருந்தது. "வறுத்த மண், ஸார். இரண்டாம் தாளில்..." என்றேன். படித்த வரை போதும் என்றார். செய்வினை, மருந்து என்ற பக்கமே அவர் போகவில்லை. அஞ்சலைக்கும் காத்தானுக்கும் ஒரு மாத நோட்டீஸை நானே எழுதினேன்.

"நம்ம பேச்சைத் துரை நம்பிட்டாரு பாத்தீங்களா!" என்றார் பழனியாண்டி. துரை நம்பவில்லை, அவருடைய பயம் வேறு என்று விளக்கப் பார்த்தேன். "ரொம்ப யோசிக்காதீங்க கிராணியாரே. அப்புறம் தஞ்சோங் ரம்புத்தான்லதான் கொண்டுபோயி வுடணும்," என்று சிரித்தார். இந்தப் பக்கத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அஞ்சலை ஆபீசுக்கு வந்தாள். வெளியேதான் நின்றாள். "என்னா எழுதுனீங்க? படிங்க," என்றாள். இரண்டு தாளையும் தமிழில் சொன்னேன். கடைசி வரை கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. பொய் ஒண்ணும் இல்ல." போகத் திரும்பியவள் நின்றாள். "அந்தப் பாதி பிஸ்கோத்து எங்க போச்சுன்னு எழுதலியே?"

"அதை நான் பார்க்கலை. பார்க்காததை எழுதுறதில்லை."

"அது காணோம்னு பாத்தீங்கல்ல? அத எழுதியிருக்கலாமே."

பத்திரிகையில் ஆறு வருஷம் இருந்தும் அந்த வரி எனக்குத் தோன்றவில்லை. கங்காணியோடு தினமும் களத்தில் நிற்க வேண்டியவன் நான் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். என் மேலேயே எனக்குச் சந்தேகம்.

அவர்கள் போன இரண்டாம் வாரம் மாரிமுத்து தோட்டத்தைவிட்டு ஓடிவிட்டான். ஈப்போவில் ஒரு லாரிக் கொட்டகையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. பல மாதங்களாகவே அவனுக்கு அந்த எண்ணம் இருந்திருக்கிறது. காத்தானிடம் பேசியதெல்லாம் நேட்டாலில் அவன் பார்த்த மோட்டார் வண்டிகளைப் பற்றித்தான். பழனியாண்டி இன்றைக்கும், மருந்தில் பாதி வயிற்றில் தங்கிவிட்டது என்கிறார்.

எட்டு மாதம் கழித்து ஒரு வேலையாக ஈப்போ போனேன். ரயில் ஸ்டேஷனுக்கு அப்பால் ஒரு ராவுத்தரின் தேநீர்க் கடை. கல்லா மேல் கண்ணாடி ஜாடி, அதற்குள் உள்ளங்கை அளவு வட்டமாகப் பிஸ்கோத்து. பழுப்பு நிறம், மேலே சர்க்கரை. சிவப்புக் கோடு இல்லை. ஒன்று வாங்கிக் கடித்தேன். கிராம்பு, பட்டை, சுக்கு, சாதிக்காய். பின்கட்டில் காத்தான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். கழுவுவதை நிறுத்தவில்லை. அவனுக்கும் பின்னால், மண்ணெண்ணெய்த் தகரத்துக்கு முன்னால் குந்தியிருந்தவளின் முதுகு மட்டும் தெரிந்தது.

ஜாடியில் தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: நாகப்பட்டணம் பிஸ்கோத்து.

"ஊர்ச் சரக்கு, தம்பி. கப்பல்ல வாரது," என்றார் ராவுத்தர். நான் பின்கட்டைப் பார்ப்பதைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "நேட்டால்னு எழுதுனா எவன் வாங்குவான்? என்னத்தப் போட்டுருக்கான்னு கேப்பான். ஊருன்னு எழுதுனா ஒரு பய கேக்கமாட்டான்."

பக்கத்துப் பெஞ்சில் ரயில்வேச் சட்டை போட்ட ஒருவர் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். "எங்க அம்மா சுடுறது அப்பிடியே இதேதான் லா," என்றார். கண் கலங்கியிருந்தது. நான் இன்னும் நான்கு வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டேன்.

தோட்டத்து ஆபீசில் இருக்கும் அவளுடைய காகிதத்தின்படி, அஞ்சலை நாகப்பட்டணத்தில் இருந்தது பதினோரு நாள், கப்பலுக்குக் காத்திருந்த முகாமில்.